ஊதாத் தண்ணி கேட்டவர்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கடையில் வரிசையில் நின்றபோது காதில் விழுந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

பாரிஸில், லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடை. சனிக்கிழமைக் கூட்டம். என் கையில் முருங்கைக்காய்க் கட்டு. எனக்கு முன்னால் நின்ற பெண் கல்லாவில் இருந்தவரிடம் கேட்டாள்:

“தம்பி, ஊதாச் சோளம் இருக்கோ?”

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “ஊதாவிலை கத்தரிக்காய்தான் இருக்கக்கா.”

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், நல்ல பகிடிதானே. அந்தப் பெண் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.

“பெரு நாட்டுச் சோளம், தம்பி. அதிலை ஒரு தண்ணி காய்ச்சுறது. அவர் போய் ஒரு வருசமாகுது, ஆட்டைத் திவசம் வருது, படைக்கோணும். கேட்டவர். நான் குடுக்கேல்லை.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. “இல்லையக்கா” என்றார் கடைக்காரர், இந்தமுறை முகத்தைப் பார்த்து. நான் முருங்கைக்காய்க்குக் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்து பார்த்தேன். தெருவில் அவளைக் காணவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

ஆரம்பம் ஒன்று: “பெரு நாட்டின் மலைச்சரிவுகளில், பனி படர்ந்த விடியலில், ஊதா நிறச் சோளக் கதிர்கள் —”

வெட்டிவிட்டேன். பெருவை நான் எங்கே கண்டேன்? ரயில் ஏறிப் பக்கத்துப் புறநகரான சார்செல் வரை போய்வருவதே எனக்குப் பெரும் பயணம்.

ஆரம்பம் இரண்டு: “திலகம் அழுதுகொண்டே அடுப்பை மூட்டினாள்.”

இதையும் வெட்டினேன். கடையில் அத்தனை பேர் சிரித்தும் அழாதவளை வீட்டுக்குக் கூட்டிவந்து நான் அழவைப்பது அநியாயம். (பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. திலகம். இருக்கட்டும்.)

ஆரம்பம் மூன்று: “புண்ணியமூர்த்தி பாரிஸ் முழுவதற்கும் சமைத்தார், வீட்டில் ஒருநாளும் அகப்பை பிடித்ததில்லை.”

இதை வெட்ட மனம் வரவில்லை. திலகத்தின் புருஷன் இவர்தான். வந்த புதிதில் கோப்பை கழுவினார். பிறகு இத்தாலியன் கடையில் மா குழைத்தார், யப்பான்காரன் கடையில் மீன் சீவினார். கடைசியாக ஒரு பெரு நாட்டுச் சாப்பாட்டுக் கடை. அங்கே காலையில் அவருடைய முதல் வேலை, ஊதாச் சோளத்தைக் கதிரோடு பெரிய சட்டியில் போட்டு, அன்னாசித் தோலும் கறுவாப்பட்டையும் கராம்பும் சேர்த்து அவிய விடுவது. சிச்சா மொராடா என்று அந்த நாட்டுக்காரர் சொல்லுவார்கள். அவர் வாயில் அது ஊதாத் தண்ணி.

வேலை முடிந்து மார்க்ஸ் டோர்மோயில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் கதிரையில் விழுவார். மகள் ஆரணி சின்ன வயதில் கேட்டதுண்டு, அப்பா எங்களுக்கு ஒன்றும் செய்து தரமாட்டீர்களா என்று.

“நான் அங்கை வெந்தது காணும், பிள்ளை. இஞ்சை அம்மா செய்யிறதைச் சாப்பிடுவம்.”

அப்படித்தான் திலகம் புருஷனின் கைச்சமையலை ஒருமுறைகூட வாயில் வைக்காமல் அவரோடு காலம் தள்ளினாள். முன்பின் தெரியாத சனமெல்லாம் காசு கொடுத்துச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போனது.

3

அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அது வந்த நாளிலிருந்து திலகம்தான் அதற்குக் காவல். தேநீரில் சீனி கிடையாது, சோறு அளந்துதான் விழும். மாம்பழக் காலத்தில் லா சப்பல் கடைகளுக்கு முன்னால் நடக்கும்போது அவருடைய கையைப் பிடித்துத் தெருவின் மற்றப் பக்கத்துக்கு இழுத்துவிடுவாள். அவர் முணுமுணுப்பார், ஆனால் போவார். அவள் அவர்மேல் எவ்வளவு அன்பு வைத்திருந்தாள் என்பதை அவள் அவருக்கு எதையெல்லாம் கொடுக்கவில்லை என்பதில்தான் பார்க்க வேண்டும். எனக்கு இது கொடுமையாகப் படுகிறது. ஆனால் இப்படித்தான் பல வீடுகள் ஓடுகின்றன.

கடைசியில் சிறுநீரகம் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர் ஒரு மத்தியானம் சொன்னார்:

“திலகம், அந்த ஊதாத் தண்ணியிலை ஒரு மிடறு குடிக்கோணும் போலை கிடக்கு. கடையிலை என்னோடை நிக்கிற சுகந்தனிட்டைச் சொன்னாக் கொண்டுவந்து தருவான்.”

“சீனித் தண்ணியோ? உங்களுக்கென்ன விசரே?”

“ஒரு மிடறுதானே.”

திலகம் “ஏலாது” என்றாள்.

[இந்த வரியை நினைவில் வைத்திருங்கள்.]

அடுத்த நாள் சுடுதண்ணிப் போத்தலில் மல்லித் தண்ணி காய்ச்சிக்கொண்டு போனாள். சொட்டு இனிப்பில்லை. அவர் சொல்லுக் கேட்டுக் குடித்தார், முகம் சுளிக்கவில்லை. “வீட்டை வந்தாப் பிறகு பாப்பம்” என்று சொல்லிக்கொண்டு அவள் போர்வையை இழுத்துவிட்டாள். அவர் வீட்டுக்கு வரவில்லை.

இந்த இடத்தில் எனக்குத் திலகத்தின் மேல் ஒரு சந்தேகம். சீனிக்காக மட்டும்தான் மறுத்தாளா? புருஷனின் பகல்களையெல்லாம் விழுங்கிய அந்தக் கடையின் மேலிருந்த எரிச்சல் அந்தச் சொல்லில் கொஞ்சமும் இல்லையா? சாகக் கிடக்கிற மனுஷன் வீட்டுச் சோற்றைக் கேட்காமல் கடைத் தண்ணியைக் கேட்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் சுள்ளென்று இருக்காது? அவளிடமே கேட்டேன். (கேட்டேன் என்றால், மேசையில் இருந்தபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.)

“எனக்கே தெரியேல்லை” என்றாள். “அதைத்தான் நானும் ஒரு வருசமா யோசிக்கிறன்.”

4

அந்தப் பெரு நாட்டுக் கடையை அதற்குள் மூடிவிட்டார்கள். அங்கே அவரோடு வேலை செய்த சுகந்தன் வன்னியிலிருந்து வந்தவன். இப்போது வேறொரு கடைக் குசினியில் சமைக்கிறான். மரக்கறிக் கடையில் கிடைக்காமல் திலகம் அவனுக்கு ஃபோன் எடுத்தாள். அவன் ஒபர்வில்லியேயில் மொத்த வியாபாரக் கடைகளாக ஏறி இறங்கி, ஒரு பொதி சோளம் தேடிக் கொண்டுவந்து, வாசலில் நின்றே முறையும் சொல்லிவிட்டுப் போனான்.

“அன்னாசித் தோலும் கறுவாவும் கராம்பும் போட்டு நல்லா அவிய விடுங்கோ அக்கா. வடிச்சு, ஆறினாப் பிறகுதான் தேசிக்காய்ப் புளியும் சீனியும். அவ்வளவுதான்.”

கழுவுவதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குத் தானியம் கழுவச் சொல்லிக்கொடுக்க அவனுக்கென்ன பைத்தியமா?

திவசத்துக்கு முதல் நாள் பின்னேரம் திலகம் கதிர்களை முறித்து, கடலை ஊறப்போடுவதுபோல் ஊறப்போட்டாள். விடியத் தலைக்குத் தோய்ந்துவிட்டுக் குசினிக்குள் வந்து மூடியைத் திறந்தால், தண்ணீர் கறுப்பும் ஊதாவுமாய் நின்றது.

“படுபாவியள், சாயம் பூசியெல்லே வித்துப்போட்டாங்கள்!”

மிளகாய்த்தூளில் செங்கல், தேயிலையில் மரத்தூள் என்று கேட்டு வளர்ந்த காது. தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். புதுத் தண்ணீர் விட்டு உரஞ்சினாள். மறுபடியும் ஊதா. மறுபடியும் ஊற்றினாள். அரிசி கழுவினாலும் தண்ணீர் தெளியும்வரை விடாத கை அது.

நான் இங்கே மேசையில் இருந்து கத்துகிறேன். ஊற்றாதேயுங்கோ அக்கா, அந்தச் சாயம்தான் அவர் கேட்டது! அவளுக்குக் கேட்கவில்லை. எழுதுகிறவன் நீதானே, தடுத்திருக்கலாமே என்பீர்கள். முயன்று பார்த்தேன்: “ஏதோ தோன்ற, திலகம் ஒரு கணம் நிறுத்தி —” ஏன் தோன்றும்? எதற்கு நிறுத்துவாள்? படைக்கிற சாமானில் அழுக்கிருக்கலாமா? வாழ்நாள் முழுக்கச் சுத்தபத்தமாகச் சமைத்தவளை இன்றைக்கு மட்டும் ஊத்தையாகச் சமைக்கவைக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

அவித்து வடித்தபோது வெளிறிய றோசாவில் ஏதோ வந்தது. ஆரணி தன் தொலைபேசியில் படம் காட்டினாள். அதில் ஒரு கிளாஸ், கடும் ஊதா. திலகம் படத்தைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், கழுவுதொட்டியின் ஓட்டையைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. ஊதா அவளுடைய உள்ளங்கைகளில்தான் அப்பியிருந்தது.

வேறு சோளம் இல்லை, ஆட்கள் வரும் நேரமும் ஆகிவிட்டது. ஆறவைத்துத் தேசிக்காயைப் பிழிந்தாள்.

“மமோ, கூத்!” என்றாள் ஆரணி. ருசித்துப் பார் என்கிறாள்.

“படைக்க முந்தி வாயிலை வைக்கிறதோ? எச்சிலாப் போயிடும்.”

அப்படியென்றால் சரி பிழை எப்படித் தெரியும் என்று ஆரணி பிரெஞ்சில் கேட்டாள். மற்றக் கறிகளுக்கு ருசி பார்க்கத் தேவையில்லை, கைக்குத் தெரியும். இதை அவள் குடித்ததேயில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாத ஒன்றை, வாயில் வைக்காமல், இனி ஒருபோதும் பதில் சொல்லாத ஒருவருக்காகக் கலக்கிக்கொண்டு நின்றாள்.*

கரண்டியில் சீனியை அள்ளினாள். பழக்கதோஷத்தில் பாதியைத் திரும்பப் போத்தலுக்குள் தட்டினாள். தட்டிய பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இனி அவருக்குச் சீனி என்னண்டு ஏறப்போகுது” என்று சொல்லிவிட்டுப் போத்தலைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

(நான் அழுதது இங்கேதான். அவள் அழவில்லை.)

* நானும் சிச்சா மொராடா குடித்ததில்லை. இதை எழுதி முடிக்கும்வரை குடிப்பதில்லை என்று எனக்கும் ஒரு வீம்பு. ஆகவே ருசியைப் பற்றி நான் ஏதாவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

5

மத்தியானம் படைத்தார்கள். வாழையிலையில் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, மற்றதெல்லாம். படத்துக்கு முன்னால் அவருடைய தேநீர்ப் பேணியில் அந்த வெளிறிய தண்ணி. காகத்துக்கென்று ஜன்னலோரம் வைத்த சோற்றைப் புறாக்கள் தின்றன. மார்க்ஸ் டோர்மோயில் காகத்துக்குக் காத்திருக்க யாருக்கு நேரம்?

வந்தவர்களில் அந்த ருசி தெரிந்தவன் சுகந்தன் ஒருவன்தான். திலகம் அவனுக்குத்தான் முதலில் வார்த்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகரவில்லை.

“உண்மையைச் சொல்லு தம்பி. உதுதானோ அது?”

இங்கேதான் சிக்கல். திவச வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லும் தமிழனை நான் இன்னும் சந்திக்கவில்லை. உப்பில்லாத பருப்பையும் “நல்லாயிருக்கு” என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்குவோம். நல்லாயிருக்கு என்று சுகந்தன் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை, அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள்.

முடிவு அ. “அண்ணையின்ரை கை அப்படியே இருக்கக்கா” என்கிறான் சுகந்தன். பொய். அவள் தலையாட்டிவிட்டுக் குசினிக்குள் போகிறாள்.

முடிவு ஆ. “இல்லையக்கா. இது அதில்லை. சாறெல்லாம் கழுவுப்பட்டுப் போச்சு.” ஒருவனாவது உண்மை சொன்னானே என்று அவளுக்கு முதலில் ஓர் ஆறுதல். பிறகு அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. குசினிக்குள் போகிறாள்.

முடிவு இ. சுகந்தன் கிளாஸைக் கீழே வைக்கிறான். “அண்ணை இதைக் குடிக்கிறேல்லை அக்கா. சீனியெண்டு வாயிலை வைக்கமாட்டார். வாசத்தை மட்டும் பிடிப்பார். ஒருநாளைக்குத் திலகத்துக்குச் செய்து குடுக்கோணும் எண்டு சொல்லுவார்.”

இதை எழுதியதும் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதனாலேயே நம்பவில்லை. செத்தவரின் வாயில் இப்படி ஓர் அழகான வசனத்தைச் செருகி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவைப்பது எங்களைப்போல் எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். அவர் குடிக்கத்தான் கேட்டார். மூன்றாம் பகுதியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். வெட்டிவிட்டேன். வெட்டினாலும் இந்த முடிவிலும் அவள் குசினிக்குள்தான் போகிறாள்.

மூன்றிலும் நான் அவள் பின்னாலேயே போனேன். மூன்றிலும் ஒன்றையேதான் செய்தாள். பைப்பைத் திறந்துவிட்டு உள்ளங்கைகளை உரஞ்சினாள். ஊதா போகவில்லை. ஆரணி வந்து கூப்பிட்டும் திரும்பவில்லை.

“ஒரு மிடறுதானே கேட்டவர்” என்றாள், ஓடுகிற தண்ணீரைப் பார்த்து.

சுகந்தன் என்ன சொன்னாலும் அது அவளுக்குப் பதிலாகாது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அவனிடமல்ல.

6

நான்காவது முடிவுக்கு ஒரே ஒரு வழி. நேற்று அதையும் செய்துபார்த்தேன்.

மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போனேன். “ஏலாது” வரியை வெட்டினேன். “ஓம், சொல்லிவிடுறன்” என்று எழுதினேன். பிறகு பேனை தானாக ஓடியது. சுகந்தன் போத்தலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவர் ஒரு மிடறு குடித்தார், உதடு ஊதாவாயிற்று. “நீயும் ஒருக்காக் குடிச்சுப் பாரன்” என்று போத்தலை நீட்டினார். அவளும் குடித்தாள். “சீனிப்பாணியல்லோ இது, இதையோ குடிக்கக் கேட்டனீங்கள்?” என்று ஏசினாள். அவர் சிரித்தார். அந்த வாரமே செத்தார். சாவை நான் மாற்றவில்லை, அவ்வளவு பேராசை எனக்கில்லை.

ஆட்டைத் திவசம் வந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தாள். வேறொன்றும் தேட வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்திய சனிக்கிழமை முருங்கைக்காயோடு நான் நின்ற வரிசையில் எனக்கு முன்னால் யாருமில்லை.

ஆனால் நின்றாளே. நான் கண்டேனே.

அவளுடைய பெயர், மகள், சுகந்தன், ஆஸ்பத்திரி, கழுவிக் கொட்டிய சாயம், எல்லாம் என்னுடையவை. வேண்டுமென்றால் இப்போதே மாற்றித் தருகிறேன். “கேட்டவர். நான் குடுக்கேல்லை” மட்டும் அவளுடையது. அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. வெட்டிய வரியைத் திரும்ப அதே இடத்தில் எழுதிவைத்தேன்.

உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நீங்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை, அந்தப் பகிடிக்குச் சிரிக்கவில்லை, அவள் சொன்னதைக் காதால் கேட்கவில்லை. மூன்றாம் பகுதியில் அந்த வரி தனியாகத்தான் கிடக்கிறது, தேட வேண்டியதில்லை. பேனையை எடுத்து வெட்டுங்கள். அவருக்கு ஒரு மிடறு கொடுங்கள்.

சனிக்கிழமை நான் கடைக்குப் போவேன். வரிசையில் அவள் நிற்கிறாளா என்று பார்க்கிறேன்.