செத்த சுண்ணாம்பு

"ஏனுங்க, எறங்காதீங்க!"

பாவாயி போட்ட கூச்சலில், கிணற்றுப் படியில் ஒரு காலை வைத்துவிட்ட அவள் புருஷன் தீர்த்தகிரி அப்படியே நின்றான். சுண்ணாம்புக் காளவாயிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே, தூர் வாரப் போன அவள் தம்பி சென்னிமலை குப்புற விழுந்து கிடந்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோன அவன் பெண்டாட்டி வள்ளியாத்தாள் கிணற்று விளிம்பில் மண்டியிட்டிருந்தாள்.

"உடு புள்ள! உந்தம்பி உள்ள கெடக்கறான், வழிய மறிக்கறயே? காத்தா, மிச்சச் சுண்ணாம்பையும் ஊத்துடா, நான் எறங்கறேன்" என்றான் தீர்த்தகிரி.

சென்னிமலையோடு வேலைக்கு வந்த காத்தான் குடத்தைச் சாய்க்கப் போனான். பாவாயி அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக் குடம்தான். நேற்றுச் சாயங்காலம் அவளே கரைத்துக் கொடுத்தது.

இரண்டு வருஷமாகப் பாழாய்க் கிடந்த கிணறு, அதுவும் காளவாய்க்குப் பக்கத்தில். சுண்ணாம்புக்கல் வேகும்போது விடுகிற கெட்ட காற்று பள்ளம் கண்டால் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அதைத் தின்பதும் சுண்ணாம்புதான். புதிதாகச் சுட்ட கல்லைத் தண்ணீர் விட்டு நீற்றி, கரைத்து, உள்சுவரெல்லாம் ஊற்றிக் காத்திருந்தால், கயிற்றில் இறக்குகிற விளக்கு அணையாமல் அடிவரை போகும். அதற்கப்புறம்தான் ஆள் இறங்குவது. ஆனால் திறந்து போட்ட பழைய சுண்ணாம்பு, வெளியில் கிடக்கும்போதே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, வயிறு நிறைந்து செத்துவிடும். சுண்ணாம்புக்கு ஏது உயிர் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காளவாய் வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா?

தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள். மேட்டூர் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. புதுச் சுண்ணாம்பு முழுக்க அணை வேலைக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். 'சுவரா கட்டப் போகிறான், கிணற்றில் கொட்டத்தானே கேட்கிறான்' என்று, ஆடி மாதத்திலிருந்து கொட்டகை மூலையில் கிடந்ததை அள்ளிக் கரைத்துவிட்டாள். நாசமாய்ப் போன சிக்கனம்!

"வெளக்கு எறக்கிப் பாத்தானா?" என்று காத்தானைக் கேட்டாள் பாவாயி.

"பாதி தூரம் எரிஞ்சுதுங்க" என்றான் காத்தான். "அடிவரைக்கும் உட்டுப் பாக்கலாமுன்னேன். எங்கக்கா குடுத்த சுண்ணாம்பு, போதும்டான்னு சிரிச்சுக்கிட்டே எறங்கிட்டாருங்க."

பாவாயி குடத்தைக் கீழே வைத்தாள். சொல்லாமல் விட்டால் ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் இந்த ஜென்மம் முழுக்கத் தம்பியைக் கொன்றவள். ஆனால் புருஷன் படியில் நிற்கிறானே!

"அது செத்த சுண்ணாம்புங்க" என்றாள். "மூலையில கெடந்தது. தெரிஞ்சேதான் கரைச்சுக் குடுத்தேன்."

வள்ளியாத்தாள் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

பாவாயி ஓடினாள். அணைக்கு ஒதுக்கிய குவியலை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு வந்தாள். தண்ணீர் பட்டதும் கல் சீறியது, குடம் கொதித்தது. கரைத்தார்கள், சுவரோரமாக ஊற்றினார்கள். அடியில் தேங்கிய காற்றைக் கலைக்க வேப்பங்கிளையைக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் இறக்கி இறக்கித் தூக்கினார்கள். விளக்கை விட்டபோது அணைந்தது. மறுபடியும் ஊற்றினார்கள். மறுபடியும் அணைந்தது. கீழே கிடந்தவன் அசையவே இல்லை. வெயில் கிணற்றின் ஒரு சுவரை விட்டு மறு சுவருக்கு ஏறிவிட்டது. மூன்றாம் முறைதான் சுடர் அடிவரை போய் நின்று எரிந்தது.

தீர்த்தகிரி இறங்கி, மச்சினனை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி வந்தான். மண்ணில் கிடத்தியதும் காத்தான் குனிந்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான்.

"உசுரு போயிருச்சுங்க" என்றான். கையை எடுக்காமல், "ஒடம்புல இன்னும் சூடு ஆறலீங்களே, இப்பத்தான் போயிருக்குமுங்க" என்றும் சொல்லிவிட்டான். ஏன்தான் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வாசலில் பலகை போட்டுக் குளிப்பாட்டினார்கள். பாவாயி தண்ணீர் மொண்டு ஊற்றினாள். உள்ளங்கைகள் சுண்ணாம்பில் வெந்து தோலுரிந்திருந்தன. எதிரே, ஈர வேட்டியோடு சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான் தீர்த்தகிரி. வள்ளியாத்தாள் அவனையே வெகுநேரம் பார்த்தாள். அப்புறம், வேறு யார் காதிலும் விழாதபடி நாத்தனாரிடம் சொன்னாள்:

"எம்புருசனுக்கு மூலையில கெடந்தது. உங்க புருசனுக்குன்னா காளவாய்ச் சூட்டோட வருதுங்களா, நங்கையா?"

பாவாயி தம்பியின் தலைமயிரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை விரலால் கோதிக் கோதிக் கழுவினாள். வெள்ளையாக ஓடிய தண்ணீர் வள்ளியாத்தாள் பாதத்தருகே வந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.