கறுப்புத் திரையும் எதிர்வீட்டு டிவியும்

மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் தாளை யாரும் படிப்பதில்லை. அதைத் தமிழில் மொழிபெயர்ப்பவர் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். மனைவி காலமாகி நான்கு வருடம். மகள் வேறு ஊரில். துணைக்கு ஒரு லேப்டாப். மகள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தது.

ஒரு அப்டேட்டுக்குப் பிறகு லாகின் திரை மட்டும் வராமல் போனது. உள்ளே நுழைந்துவிட்டால் எல்லாம் பளிச்சென்று தெரியும். நுழையத்தான் வழி இல்லை. வெறும் கறுப்பு. எப்படிப்பட்ட கறுப்பு என்றால், அதைக் கண்ணாடியாக வைத்து அவர் இரண்டு முறை சவரம் செய்துகொண்டார். மீசை இரண்டு பக்கமும் ஒரே அளவாக வந்தது அப்போதுதான்.

குத்துமதிப்பாகப் பாஸ்வேர்டை அடிக்கலாம் என்றால், கீபோர்டு தமிழில் நிற்கிறதா ஆங்கிலத்தில் நிற்கிறதா என்று தெரியாது. இரண்டிலும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார். இருட்டு எந்த மொழிக்கும் மசியவில்லை.

அவர் வீட்டில் டிவி இல்லை. கடைசியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு டிவியில் கேபிளைச் செருகினார். லாகின் திரை அங்கே ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. பாஸ்வேர்டு அடித்ததும் லேப்டாப் திரையும் விழித்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு அதைக் கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவரும் தனிக்கட்டை. பாஸ்வேர்டு அடிக்க ஐந்து வினாடி. திரும்பி வரப் பத்தரை மணி. நாள் முழுக்க மொழிபெயர்ப்பாளர் வாய் திறப்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

"எனக்கும் ஒரு தடவ இப்படித்தான் சார்," என்பார் டிரைவர். "பாதி வழில ரெண்டு லைட்டும் அவுட். பஸ்ல இருந்த வழுக்கை ஆளுங்க நாலு பேரை முன்னால உட்கார வச்சேன். நிலா வெளிச்சம் பட்டு ரோடு பகல் மாதிரி ஆயிடுச்சு."

"அமாவாசையா இருந்தா, அண்ணே?"

"அமாவாசைக்கு எனக்கு லீவு."

ஒருநாள் மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "இன்னுமாப்பா அங்க தூக்கிட்டுப் போறீங்க? அந்த மாமாவுக்கு எவ்வளவு தொந்தரவு! லாகினே கேக்காம நேரா உள்ள போற மாதிரி வச்சிடலாம். செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரே ஒரு வரி. நான் சொல்லச் சொல்ல அடிங்க."

தொந்தரவு என்ற சொல் அவருக்குச் சுருக்கென்றது. அடித்தார்.

மறுநாள் பொத்தானை அழுத்தியதும் லேப்டாப் தானாகத் திறந்தது. யார் நீ என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு எதிர்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூடும் சத்தம் கேட்டது. பகல் பன்னிரண்டுக்குள் வேலை முடிந்தது. இருமலுக்கான மருந்துத் தாள் அது. சரியாக இருக்கிறதா என்று தாமே ஒருமுறை இருமிப் பார்த்துக்கொண்டார். யாரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

இப்படியே நான்கு நாள்.

ஐந்தாம் நாள் காலை அந்த ஃபைலைத் திறந்தார். மகள் சொன்ன வரியின் தலையில் ஒரு # குறியை வைத்தார். அந்தக் குறி இருந்தால் லினக்ஸ் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அணைத்துவிட்டுப் போட்டார். கறுப்பு. அவசரத்தில் ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு போய் எதிர்க்கதவைத் தட்டினார்.

"என்ன சார், ஆளையே காணோம்?"

"நாலு நாள் நல்லா இருந்துச்சு அண்ணே. இன்னைக்கு மறுபடியும் போயிடுச்சு."

"அப்பாடா!" என்றார் டிரைவர். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "அடப் பாவமே" என்றார்.

அன்று பாஸ்வேர்டு அடிப்பதற்கே மத்தியானம் ஆகிவிட்டது.