ஓஸ்டர்லோ: வரலாறும் குணமும்

1

இந்தக் கதை ஒரு வேண்டுகோளில் தொடங்கியது. நான் குடியேறி வாழும் ஓஸ்டர்லோ என்ற ஐரோப்பியச் சிற்றூரின் எண்ணூறாம் ஆண்டு மலருக்கு மேலே உள்ள தலைப்பில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி, மலரைத் தொகுக்கும் நோர்பெர்ட் என்னைக் கேட்டார். அவர் கேட்டது கட்டுரை.

முதல் தொடக்கம்: "1224இல் ஒரு பிஷப் தன் கடிதத்தில், சேறு காரணமாகத் தான் போகாமல் விட்ட இடம் என்று ஓஸ்டர்லோவைக் குறிப்பிடுகிறார்." அடுத்த வரி வரவில்லை. பிறகு வந்த எண்ணூறு ஆண்டுகளில் ஓஸ்டர்லோ யார் மீதும் போர் தொடுக்கவில்லை. வழியில் போன போர்கள் பசுக்களை ஓட்டிக்கொண்டு போயின.

இரண்டாம் தொடக்கம்: "ஓஸ்டர்லோ மக்கள் உழைப்பாளிகள், அதிகம் பேசாதவர்கள், ஆனால்" அடித்துவிட்டேன். பக்கத்து ஊர் மலரிலும் இதே வரி இருக்கிறது.

மூன்றாவது: "ஆல்வின் டெம்மிங்கிடம் அன்று காலை யாரும் எதுவும் சொல்லவில்லை."

இது நின்றது.

2

ஓஸ்டர்லோவில் நாற்பத்தோரு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முதல் அயல், அதாவது நல்லது கெட்டதில் முதலில் வர வேண்டிய அண்டை வீடு, உண்டு. அது மனிதருக்கு உள்ள உறவல்ல, வீட்டுக்கு உள்ளது. வீட்டை விற்றால் அதுவும் சேர்ந்து போகும்.

சாவு நடந்த வீட்டில் யாரையும் கூப்பிட மாட்டார்கள். முதல் அயலைப் பார்த்த சன்னலின் திரையை இழுத்து மூடுவார்கள். அதைப் பார்த்து அவர் வர வேண்டும். அவர் உள்ளே போகும்வரை வேறு யாரும் போகக் கூடாது, பாதிரியாரும்கூட. பிறகு அவர் வீடு வீடாகப் போய்ச் சாவைச் சொல்வார். அடக்கத்தன்று ஆறு பேர் பெட்டி தூக்குவார்கள். முன்னால் இடது பக்கம் அவருடையது.

(இதை ஒரு பத்தியில் சொல்லிவிட முடிகிறது. நானும் ஒரு வீட்டுக்கு முதல் அயல் என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.)

3

ஆல்வினின் வீடு க்ளெமென்ஸ் ஷூர்மான் வீட்டுக்கு முதல் அயல்.

1987இல் அரசு ஊரின் துண்டு நிலங்களை எல்லாம் சேர்த்து, புதிதாக அளந்து பிரித்துக் கொடுத்தது. ஓடைக்கரையில் இருந்த டெம்மிங்கின் வயல் க்ளெமென்ஸுக்குப் போனது. அளக்க வந்தவருக்கு க்ளெமென்ஸ் ஒரு முழு பன்றித்தொடை கொடுத்தார் என்பது ஆல்வினின் நம்பிக்கை.*

அடுத்த வசந்தத்தில் ஆல்வின் இரண்டு வீட்டுக்கும் நடுவே துயா என்ற, ஆண்டு முழுதும் பச்சையாக அடர்ந்து நிற்கும் செடியில் வேலி வைத்தார். அது மூன்று மீட்டர் வளர்ந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் பேச்சில்லை.

* ஆதாரம் இல்லை.

4

போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. பதினொரு மணி. ஆல்வின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு தனி ஆள். மூன்று கிழங்கு போதும். எதிர்வீட்டு ரெனாட்டே கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். மேலங்கியின் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன.

"கெழங்கு உரிக்கிறியா?"

"பதினோரு மணிக்கு வேறென்ன பண்ணுவாங்க?"

"க்ளெமென்ஸ் போயிட்டான்."

கத்தி நின்றது.

"எப்போ?"

"விடியக்காலைல. ஏழு மணிலேர்ந்து திரை போட்டிருக்கு. ஊரே உன் வாசலைத்தான் பாத்துக்கிட்டிருக்கு. ரொட்டி வண்டிக்காரன் எங்கிட்ட கேக்கறான், டெம்மிங் ஊர்ல இல்லையான்னு. பாதிரியார் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"யாரு சொல்லுவா? பாக்க வேண்டியது நீ."

"வேலி மறைக்குது."

"அத வச்சது யாரு, பாதிரியாரா?"

ஆல்வின் கையில் இருந்த கிழங்கைப் பார்த்தார்.

"நீ போயேன். நீதான ரெண்டாவது அயல்."

"நீ செத்திருந்தா போவேன். ஆஸ்பத்திரில கெடந்தாலும் போவேன். நீ கெழங்கு உரிச்சிட்டிருக்க."

பாதி உரித்த கிழங்கை அவர் முழுதாக உரித்தார். தண்ணீரில் போட்டார். கை கழுவினார்.

(இந்த இடத்தில் ஆல்வினை நான் சந்தேகித்தேன். அவர் போகாமல் இருந்தால் நல்ல கதை. ஆனால் க்ளெமென்ஸ் அப்படியே கிடப்பார். ஊர் காத்துக்கொண்டே இருக்கும். அந்த முடிவை எழுதிப் பார்த்தேன். நான்கு வரிக்கு மேல் போகவில்லை.)

5

கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு சாலை வழியாகச் சுற்றிப் போனார். வேலி இல்லாவிட்டால் இருபது அடிதான். க்ளெமென்ஸின் மனைவி தெக்லா கதவைத் திறந்தார்.

"திரை தெரியல," என்றார் ஆல்வின். "வேலி வளந்துபோச்சு."

தெக்லா அவர் காலணியைப் பார்த்தார்.

"ஆமா, வளந்துபோச்சு. அதுக்கு நீ என்ன பண்ணுவ. காலத் தொடச்சுட்டு உள்ள வா."

பெட்டி தூக்கியபோது மழை. ஆல்வின் முன்னால் இடது பக்கம். நான் பின்னால் வலது பக்கம்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் தெக்லா அவருக்கு அவரைக்காய் சூப் கொடுக்கிறார். அவர் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே அரை மணி நேரம் உட்கார்கிறார். இதுதான் ஓஸ்டர்லோவின் வரலாறும் குணமும் என்று எழுதி முடித்தேன்.

6

மலரில் பெயர் வருகிறவர்கள் அச்சுக்கு முன் படித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் மொழியில் எழுதிக் கொடுத்ததை ஆல்வின் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்துப் படித்தார்.

"கெழங்கு சரி. கோட்டு சரி. பன்னித்தொடைக்கு ஆதாரம் இல்லன்னு போட்டிருக்க. அவன் அதத் தின்னுட்டான், ஆதாரத்துக்கு எங்க போறது? பரவால்ல, இருக்கட்டும்." விரல் மேலே போனது. "வேலி தப்பு."

"எப்படி?"

"மாடி சன்னல்லேர்ந்து தெரியும். ஏழே காலுக்கே பாத்துட்டேன்."

"பதினொரு மணி வரைக்கும் என்ன பண்ணீங்க?"

"சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கோட்ட வெளில மாட்டினேன், பூச்சி உருண்ட வாசன போகட்டும்னு. அப்பறம் கெழங்கு."

"ஏன் போகல?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவன் எப்படா போவான்னு முப்பத்தாறு வருஷம் பாத்துட்டிருந்தேன். போனப்பறம் என்ன செய்யறதுன்னு யோசிச்சு வைக்கல."

"இத எழுதட்டுமா?"

"எண்ணூறு வருஷத்துக்கு ஒரு மலரு. அதுல பொய் போடலாமா?"

"தெக்லாவும் படிப்பாங்க."

"படிப்பா." கண்ணாடியைக் கூட்டில் வைத்தார். "தெரிஞ்சா செவ்வாக்கெழம போச்சு. அதான் உங்கிட்ட விட்டுட்டேன்."

7

தெக்லாவும் படிக்க வேண்டும். பழைய பிரதியை, வேலி உள்ளதை, எடுத்துப் போனேன். அவர் காபி போடத் திரும்பியபோது, கதைக்காக அந்தத் திரையை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

துணி சன்னலை மூடும் கடைசிக் கையகலத்தில், வேலிக்கு மேலே, எதிரே, டெம்மிங் வீட்டு மாடி சன்னல் இருந்தது. அதன் கொக்கிகூடத் தெரிந்தது. திரையை இழுக்கிற யாரும் அதைப் பார்க்காமல் இழுக்க முடியாது.

"என்ன பண்ற?"

"திரை என்ன நெறம்னு பாத்தேன்."

"பழுப்பு. அம்பது வருஷமா பழுப்புதான்."

அவர் நின்றபடியே படித்தார். ஐந்தாம் பகுதியில் சற்று நின்றார். பிறகு கடைசி வரை படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"வேலியப் பத்தி சரியா எழுதியிருக்க," என்றார். "அத மாத்தாத. காபி ஆறுது."

காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

8

மலரில் ஐந்து பகுதிகள் போகலாம், அல்லது ஆறு. ஆறு போனால் ஆல்வின் பொய் சொன்னவர் ஆகமாட்டார். தெக்லா எல்லார் முன்னாலும் அதைத் தெரிந்துகொண்டவர் ஆகிவிடுவார். ஐந்து போனால் ஊர் எண்ணூறு ஆண்டுகளாகச் செய்ததையே, தெரிந்ததைத் தெரியாததுபோல் விடுவதை, இன்னொரு முறை செய்யும். ஏழாம் பகுதியை எப்படியும் போட முடியாது. அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஓஸ்டர்லோவில் தமிழ் படிப்பவர்கள் வேறு யாரும் இல்லை.

நோர்பெர்ட் வெள்ளிக்கிழமை மதியம் வரை காத்திருப்பார். ஆறாம் பகுதியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். பகுதியை அடிப்பதோ கோட்டை அழிப்பதோ உங்கள் கையில்.

இன்று செவ்வாய். சற்று முன் ஆல்வின் கழுவிய பாத்திரத்தோடு சாலை வழியாகச் சுற்றிப் போனார். வேலியில் ஒரு வழி வெட்டலாமே என்று அவர் இதுவரை சொல்லவில்லை. தெக்லாவும் கேட்கவில்லை.