இரண்டு விரல் இடைவெளி

"அப்பா, இந்த வீட்டுச் சுவருல ஆணி அடிக்கலாமா?"

லீலாபாய் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. ஓய்வுநாள் பள்ளியில் பரிசாகக் கிடைத்த வேதவசன அட்டை கையில் இருந்தது. ஓரமெல்லாம் பூ வரைந்த அட்டை. அதை எங்கே மாட்டுவது என்று வீடு முழுக்கச் சுற்றிவிட்டு அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அடிக்கப்படாது மக்கா. இது மிஷன் வீடு. ஒரு ஆணி அடிக்கணும்னாலும் எழுதிக் கேக்கணும்" என்றார் சத்தியநேசன் உபதேசியார்.

"அப்பம் நாம ஆணி அடிக்கிற வீடு எப்பம் வரும்?"

"வரும்" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கடலோரக் கிராமத்தில் வாந்திபேதி வந்தது. மூன்றாம் நாள் லீலாபாய் போய்விட்டாள். சவப்பெட்டி செய்யப் பலகை இல்லை. தச்சன் ஊரை விட்டு ஓடியிருந்தான். மிஷன் வீட்டில் நல்ல தேக்குக் கதவுகள் இரண்டு இருந்தன. உபதேசியார் ஒரு கதவின்மேல் கையை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். அது அவருடையது அல்லவே.

அப்போது யாரும் கேட்காமலே ஞானையன் வந்தான். சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு விற்கிறவன். தன் குடிசையின் ஒரே கதவை, அது சுழலும் மரக்குடுமியோடு கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். அறுத்துப் பெட்டியும் அவனே செய்தான். பெட்டிக்குள் அவன் மனைவி பூங்கனி ஒரு பழஞ்சேலையை மடித்து விரித்தாள்.

"உனக்கு ஒரு கதவு கடன்பட்டிருக்கேன் ஞானையா" என்றார் உபதேசியார்.

"அதுக்கு இப்பம் என்ன அவசரம்" என்றான் அவன். அன்று மாலையே அவன் வாசலில் ஓலைப்படல் ஏறிற்று.

மூன்று வருஷம் கழித்துப் பூங்கனியின் மகனுக்குக் காய்ச்சல் கண்டு, பேச்சு நின்றது. அவள் மண்டைக்காட்டுக்குப் போய் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்தாள். பையன் பிழைத்தான். சபையின் ஒழுங்கு ஒழுங்குதான். அடுத்த ஞாயிறு, சபையிலிருந்து நீக்கப்பட்டவள் என்று பூங்கனியின் பெயரை உபதேசியாரே பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். குரல் தடுமாறவில்லை. அவர் மனைவி ராஜபாய் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அந்த வருஷமே வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கதவு கொடுபடாமலே நின்றது.

இருபது வருஷம் ஓடியது. ஒன்பது மிஷன் வீடுகளில் குடியிருந்துவிட்டு, 1934இல் உபதேசியார் ஓய்வு பெற்றார். சொந்தம் என்று இருந்தது அதே கிராமத்தில் ராஜபாய்க்கு அப்பன் வழி வந்த இரண்டு அறை மண்வீடு ஒன்றுதான். கூரை சரிந்து, சுவரில் எலி வளைகள். கொத்தனுக்குக் கூலி கொடுக்க வழியில்லை. "நாமளே செய்வோம்" என்றாள் ராஜபாய். அவருக்கு வயது அறுபது. அவளுக்கு ஐம்பத்தைந்து, போதாததற்கு இழுப்பு நோய். ஈரமில்லாத அறையில் படுத்தால் இன்னும் பத்து வருஷம் இருப்பாள், ஈரத்தில் படுத்தால் ஒரு மழைக்கும் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் சுவர் காய்ந்துவிட வேண்டும். இருவருக்கும் இருந்த கவலை அது ஒன்றுதான்.

முதலில் கூரையை வேய்ந்தார்கள். பிறகு விழுந்து கிடந்த பழைய அயனிமர உத்திரத்தை அறுத்துப் பலகையாக்கினார்கள். இரண்டு கதவுக்குத் தேறும் என்று பார்த்தால், பாதிக்குமேல் செல் அரித்திருந்தது. ஒரு கதவுக்குத்தான் மரம் இருந்தது.

"இது பூங்கனிக்கு" என்றாள் ராஜபாய்.

"வீட்டுக்காரனுக்குக் கதவு இல்ல, ஊருக்குக் கதவா?"

"அவ ஊரா? நம்ம பிள்ளை அவ கதவுக்குள்ளதானே படுத்திருக்கா."

அவர் சற்று நேரம் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கொடுக்கமாட்டேன்னா சொன்னேன்? நமக்கு முதல்ல ஆகட்டும். சபை நீக்கினவ வாசல்ல நான் போயிக் கதவு மாட்டினா மூப்பன்மாரு என்ன சொல்லுவாங்க?"

"மூப்பன்மாருக்கெல்லாம் வீட்டுல கதவு இருக்கு" என்றாள் அவள்.

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. மறுநாள் இரண்டு தென்னை ஈர்க்கில் ஒடித்து, நீளத்துக்கு ஒன்று அகலத்துக்கு ஒன்று என்று அளவு கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதன்படி அறுத்து, இழைத்து, சட்டம் அடித்து, நான்கு நாளில் கதவைத் தம் வீட்டு நிலையில் ஏற்றினார். பக்கவாட்டில் இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. மேலே குடுமியும் ஆடிற்று. ஆப்பு வைத்து இறுக்க வேண்டியிருந்தது.

"ஏட்டி, ஒரு ஈர்க்கில் வச்சு அளக்கத் தெரியல்லியா உனக்கு? முப்பத்தஞ்சு வருஷமா என்னத்தைத்தான் படிச்ச?"

ராஜபாய் இடைவெளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "வயசாச்சு" என்றாள்.

அடுத்தது சுவர்ப்பூச்சு. ஒன்பது வீட்டில் குடியிருந்தும், அந்த வீடுகளை மிஷன் கொத்தன்மார் பூசிவிட்டுப் போவதைத்தான் உபதேசியார் பார்த்திருந்தார், கலவையில் கைவைத்ததில்லை. பழையாற்று மணலுக்கு வண்டிக்கூலி கேட்டார்கள். கடலோ கூப்பிடு தூரத்தில் இருந்தது. எவ்வளவு மணலை அள்ளினாலும் கேட்க ஆளில்லை. இருவரும் ஓலைக் கடவத்தில் சுமந்தார்கள். ராஜபாய் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிச் சுமந்தாள். கிணற்று நீரில் இரண்டு தடவை அலசினார்கள்.

பூங்கனி சுண்ணாம்புக் கூடையோடு அந்த வழியே போனாள். ஞானையன் இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. நேர்ச்சையால் பிழைத்த மகன் கொழும்புக்குப் போனவன் கடிதம் எழுதுவதில்லை. அவள் மணல் குவியலைப் பார்த்ததும் நின்றாள்.

"அய்யா, கடல்மணலு சுண்ணாம்பைப் பிடிக்காது. எத்தனை கழுவினாலும் உப்பு உள்ளதான் நிக்கும். மழை கண்டா வேர்க்கும். ஆத்துமணலு எடுங்க. நான் வண்டிக்காரங்கிட்டச் சொல்லுகேன்."

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் கூடவே நின்று கலவை குழைத்தும் கொடுத்திருப்பாள். கேட்பதற்கு அவருக்கு வாய் வரவில்லை. அவர் வாசித்த பெயர் அல்லவா அது. "கழுவியாச்சு" என்றார், நிமிராமல்.

சித்திரை கடைசியில் பூச்சு முடிந்தது. வீடு வெள்ளைவெளேரென்று நின்றது. ராஜபாய் பெட்டிக்கு அடியிலிருந்து அந்த வசன அட்டையை எடுத்துவந்தாள். ஓரம் பழுத்திருந்தது, பூக்கள் அப்படியே இருந்தன. உபதேசியார் ஓர் ஆணியை எடுத்தார். சுவரில் இடம் பார்த்து வைத்தார். தம் ஆயுளில் தம் சுவரில் அடிக்கும் முதல் ஆணி.

இரண்டாவது அடியில் முறம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே பழைய மண்சுவர் தெரிந்தது. விழுந்த துண்டைக் கையில் எடுத்தார், மாவாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு.

"இன்னொரு இடத்தில அடிச்சுப் பாருங்க" என்றாள் ராஜபாய். அவர் அடிக்கவில்லை.

மறுபடி பூச நாளும் இல்லை, தெம்பும் இல்லை. ஞாயிறன்று கோவிலுக்கு வெளியே பாட்டுக்காரன் ஞானசிங் சொன்னது அவர் காதில் விழும்படியாகவே இருந்தது: "மணல்மேல வீடு கட்டப்படாதுன்னு முப்பது வருஷம் பிரசங்கம் பண்ணினாரு. சொன்ன சொல்லு தவறல பாத்தியா. மணலை வீட்டுமேல கட்டிட்டாரு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மழைக்கு முன்னே ஒரு நாள் வந்து கைகொடுக்கிறேன் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

இடவப்பாதி பிடித்தது. சுவர் வேர்த்தது. வெண்பூஞ்சையாக உப்பு பூத்து, பாளம் பாளமாகப் பூச்சு விழுந்தது. கதவின் பக்கத்து இடைவெளியில் சாரல் வந்தது. அவர் சாக்கைத் திணித்தார். ராஜபாய் படுக்க முடியாமல் தலையணையை மடியில் வைத்துக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபோது அறையின் நான்கு மூலையிலும் நான்கு சட்டிகள் இருந்தன. உள்ளே தண்ணீர் பட்டு நீறாத சுட்ட சிப்பி. அது ஈரத்தைக் குடித்துப் பொருபொருவென்று பொடிந்துகொண்டிருந்தது. அறையில் ஈரவாடை குறைந்திருந்தது. ராஜபாய் சாய்ந்து படுத்திருந்தாள்.

"யாரு வச்சா?"

"வச்சவ வச்சா."

அவர் சட்டிகளை அகற்றவில்லை. நன்றியும் சொல்லி அனுப்பவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை, அவர் வெளியே போகும் நேரம் பார்த்து, சட்டிகளில் புதுச் சிப்பி மாறிக்கொண்டிருந்தது. அவர் செய்ததெல்லாம் அந்த நேரங்களில் வெளியே போனதுதான். அந்தச் சட்டிகள் அவளுக்கு இரண்டு மாதம் கொடுத்தன. ஆடி நடுவில் ஒரு விடியற்காலை ராஜபாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அதற்கு முந்தின நாள் அவள் சொன்ன ஒரே வார்த்தை, "கதவு." காற்று வருகிறது என்கிறாள் போலும் என்று நினைத்து அவர் சாக்கை இன்னும் இறுக்கித் திணித்தார்.

அடக்கத்துக்குப் பூங்கனி வந்தாள். கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாசி பிறந்தது. மண்டைக்காட்டுக் கொடைவிழாவுக்குப் பூங்கனி ஒவ்வொரு வருஷமும் போலப் புறப்பட்டுப் போனாள். அவள் போன மறுநாள், உச்சிவெயிலில் பாதையில் ஒரு காக்கைகூட இல்லாத நேரம், உபதேசியார் ஆப்பைத் தட்டிக் கதவைக் கழற்றினார். தலையில் சும்மாடு வைத்துத் தூக்கினார். இரண்டு தென்னந்தோப்பு தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் இறக்கிவைத்தார்.

குடிசை வாசலில் ஓலைப்படல் சாய்ந்து நின்றது. அதை நகர்த்தினார். பழைய நிலை அப்படியே இருந்தது. குடுமிக்குழியில் இருபத்து மூன்று வருஷத்து மண். விரலால் தோண்டி எடுத்தார். இந்த நிலைக்குக் கதவு எவ்வளவு பெரிதாகுமோ, எங்கெங்கே செதுக்க வேண்டுமோ என்று உளியும் கொண்டுவந்திருந்தார்.

கீழ்க்குடுமியைக் குழியில் வைத்தார். மேல்குடுமியைத் தூக்கிப் பொருத்தினார். உள்ளே தள்ளினார். கதவு நிலையோடு நிலையாகப் போய் நின்றது. ஈர்க்கில் நுழைய இடமில்லை.

திறந்தார். மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தார்.

ராஜபாய் அளவெடுத்தது இந்த வாசலில்தான்.

அவர் அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு உளியை இடுப்பில் செருகி, கதவை மெல்லச் சாத்தி, பூங்கனியின் ஓலைப்படலைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார். தம் வீட்டு வாசலில் அதைக் கட்டியபோது அது இரண்டு விரல் குறைவாக இருந்தது. அந்த இடைவெளியை அவர் அடைக்கவில்லை.