தாய்மாமனுக்கு மணி கட்டியது

என் மகள் இலக்கியாவுக்குத் தாய்மாமன் ஒரு கடுவன் பூனை. பெயர் வீரணன்.

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின்னால் ஒருவராகப் போய்விட்டார்கள். கல்யாணத்தன்று, “பொண்ணு வீட்டுப் பக்கம் யாருப்பா?” என்று பந்தலில் கேட்டபோது, பித்தளைக் குடத்துக்குப் பக்கத்தில் இருந்த கூடையிலிருந்து வீரணன் தலையை நீட்டினான். “சரி, ஆள் இருக்கு” என்று சொல்லித் தாலியை எடுத்துக் கொடுத்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்போது அவன் எனக்குத் தம்பி. பூனைகளுக்கு வருசம் வேகமாக ஓடும். கல்யாணம் முடிந்த இரண்டாம் ஆடியில் என் வயதை எட்டிப் பிடித்தான். அன்று ஒரு நாள் மட்டும் நாங்கள் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தோம். மறுநாளிலிருந்து எனக்கு அண்ணன். ஆகையால் இனிமேல் அவர் என்றுதான் எழுத வேண்டும்.

வீரணன் எங்கே தூங்குகிறாரோ அதுதான் எனக்குப் பொறந்த வீடு. அவர் தூங்குவது எங்கள் அடுப்படிக்கு மேலே இருக்கும் பரணில். அங்கே ஒரு வெங்காயச் சாக்கு, ஓடாத மிக்சி ஒன்று, பொங்கல் பானை. இடத்துக்குக் குறைவில்லை. என் வீட்டுக்காரர் போதுராஜோடு சண்டை வந்தால் நான் கோபித்துக்கொண்டு அங்கேதான் போவேன். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியேறி, மினி பஸ் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்து, கொல்லைப் பக்கமாக நுழைந்து ஏணி ஏற வேண்டும். நேராக ஏணி ஏறினால் அது கோபித்துக்கொண்டு போனது ஆகாது, வெங்காயம் எடுக்கப் போனதாகத்தான் ஆகும்.

கண்டக்டர் என் பையைப் பார்த்ததுமே, “பொறந்த வீட்டுக்கா? எத்தன நாளைக்கு?” என்பார். மறுநாள் போதுராஜும் அதே பஸ்ஸில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எனக்கு மல்லிகைப்பூவும் மச்சானுக்கு நெத்திலிக் கருவாடும் வாங்கிக்கொண்டு பரணுக்கு வந்து சமாதானம் பேசுவார். வீரணன் கருவாட்டைத் தின்று முடிக்கும்வரை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். அப்புறம் இறங்கி வந்து உலை வைப்பேன்.

வீரணன் யார் பேச்சையும் கேட்கிறவர் இல்லை. கூப்பிட்டால் வரமாட்டார், கூப்பிடாவிட்டால் இலையில் வந்து உட்காருவார். ஆனால் கை மட்டும் தாராளம். இலக்கியா பிறந்த அன்று ஒரு சுண்டெலியைக் கொண்டுவந்து தொட்டிலுக்குக் கீழே தலை கிழக்கே இருக்கும்படி வைத்தார். அதற்கப்புறம் அமாவாசை, கார்த்திகை எதையும் விடவில்லை.

குருவிகளால்தான் வம்பு வந்தது. இலக்கியாவுக்கு நான் முருங்கைமரத்துக் கொண்டைக்குருவிகளைக் காட்டித்தான் சோறு ஊட்டுவேன். ஒரு குருவிக்கு ஒரு வாய். பங்குனியில் மரத்தில் எட்டுக் குருவிகள் இருந்தன. சித்திரை பிறந்தபோது மூன்று. மூன்று வாய்ச் சோற்றில் ஒரு பிள்ளை எப்படி வளரும்? வீரணன் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு இறகைத் துப்பிக்கொண்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. இலக்கியாவின் இடதுகால் கொலுசிலிருந்து ஒரு மணியைக் கழற்றி, சிவப்பு நூலில் கோத்து, அவர் கழுத்தில் கட்டிவிட்டேன். ஒரு தாய்மாமனுக்குச் செய்யக்கூடியதா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சோற்றுச் சட்டி இடுப்பில் இருக்கும்போது வேறு எதுவும் தோன்றாது.

குருவிகள் திரும்பி வந்தன. இலக்கியாவும் இரண்டு சுற்றுப் பெருத்தாள்.

வைகாசியில் அவளுக்குக் காதுகுத்து வைத்தோம். எங்கள் ஊரில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் வராவிட்டால் வேறு யார் மடியில் குத்துகிறார்களோ அவர் வீடுதான் அன்றிலிருந்து அம்மாக்காரிக்குப் பொறந்த வீடு. இதை மாற்ற முடியாது.

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம், பத்திரிகை வைத்து நானும் போதுராஜும் வீரணனை அழைக்கப் போனோம். அவர் மதில்மேல் இருந்தார்.

“மச்சான், நீங்க முன்னாடி நின்னு நடத்திக் குடுக்கணும்” என்றார் போதுராஜ்.

வீரணன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெற்றிலையைத் தொடவில்லை.

“கோவிச்சுக்கிட்டாரு” என்று போதுராஜ் வரும் வழியில் சொன்னார். “போன மாசம் அவர் பாலை எடுத்து நான் காப்பி போட்டுட்டேன்ல, அதை மனசுல வச்சிருக்காரு.”

“எதுக்குங்க எடுத்தீங்க?”

“கடைப் பால் திரிஞ்சு போச்சு ஜோதி.”

சேதி அன்று மத்தியானமே என் நாத்தனார் பஞ்சவர்ணத்துக்குப் போய்விட்டது. அவர் போதுராஜுக்கு மூத்தவர். எங்கள் தெருக் கடைசியில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. சாயங்காலம் முறத்தோடு வந்தார்.

“என்ன ஜோதி, ஒங்கண்ணன் வெத்தலைய மோந்துகூடப் பாக்கலையாமே?”

“வந்துருவாரு மதினி.”

“வரலைன்னா கவலப்படாத. எங்க கொழுந்தன் சும்மாதான் இருக்காரு. நல்ல அகலமான மடி. ரெண்டு பிள்ளைய உக்கார வச்சாலும் எடம் மிஞ்சும்.”

அவர் கொழுந்தன் ராசாங்கம் வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போய்ச் சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும். ஆறிய கோபத்தோடு ஒருத்தி பொறந்த வீட்டுக்குப் போய் என்ன செய்வாள்? அதுவும் போக, அங்கே இருக்கிறவர்கள் எல்லாம் நாத்தனார் ஆட்கள்.

நான் தினமும் மதிலுக்குப் போய் நின்றேன். பாலை வைத்தேன், கருவாட்டை வைத்தேன். “சின்ன வயசுல ஒரே போர்வையில படுத்தோமே” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அதற்குள் எனக்கு இருபது வயதுக்கு மேல் மூத்தவர் ஆகியிருந்தார். சின்ன வயதையெல்லாம் மறந்திருப்பார்.

காதுகுத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வைக்கோல் போருக்குப் பின்னால் சாணி தட்டிக்கொண்டிருந்தேன். வீரணன் ஒரு எலியைப் பின்தொடர்ந்து போனார். வயிறு தரையில் படும்படி, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துத்தான் போனார். மணி ஒலித்தது. எலி திரும்பிப் பார்த்தது. ஓடக்கூட இல்லை. பெரிய மனிதருக்கு ஒதுங்குவதுபோல ஓரமாக நின்று வழிவிட்டது. வீரணன் பாய்வதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து, பஸ்ஸைத் தவறவிட்டவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல, தன் முன்னங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. கையை வீசிக்கொண்டு எந்தத் தாய்மாமன் சபைக்கு வருவான்?

சாணிக் கையைக் கழுவிவிட்டுப் பரணுக்கு ஏறிக் காத்திருந்தேன். வந்தார். “அண்ணே, கொஞ்சம் கழுத்தக் காட்டுங்க” என்றேன். காட்டவில்லை. ஆனால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். நூலை அவிழ்த்து மணியைப் பொங்கல் பானைக்குள் போட்டேன். ஒரு தடவை தலையை உதறிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. கூரையில் ஓடு விலகியிருந்த இடம் வழியாக வெளியே போய்விட்டார்.

அப்புறம் நான்கு நாள் அவரைக் காணவில்லை. முருங்கைமரத்தில் குருவிகளும் இல்லை. இலக்கியா வாயை இறுக்கிக்கொண்டாள். “எதுக்கு மணிய அவுத்த?” என்றார் போதுராஜ். சண்டை போடலாம், போட்டால் போக இடம் இருக்குமா என்று தெரியாத சமயம்.

காதுகுத்தன்று வாசலில் பந்தல். ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். சங்கரலிங்க ஆசாரி கம்பிகளை மஞ்சள் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு இரண்டு டம்ளர் மோர் குடித்தார். ராசாங்கம் வெள்ளை வேட்டி கட்டி, ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைத் தட்டித் தட்டிச் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“மணி பத்தே கால்” என்றார் ஆசாரி. “ஏதாவது ஒரு மடியச் சொல்லுங்கம்மா.”

“அதான் இருக்குல்ல மடி, கண்ணுக்கு முன்னால” என்றார் பஞ்சவர்ணம்.

நான் இலக்கியாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தேன்.

தெருமுனையில் வரிசை வந்தது. சந்தைப்பேட்டைப் பூனைகள் பத்து, வீரணனுக்குப் பங்காளிகள், ஒன்றன் பின் ஒன்றாக, வாயில் ஆளுக்கொரு சீரைக் கவ்விக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு வந்தன. கடைசியில் வீரணன். ஆகப் பதினொன்று, ஒற்றைப்படை. மேளம் வைக்கவில்லை. பூனைகள் மேளத்துக்கு வராது. நான் ஓடிப்போய்த் தாம்பாளங்களை அடுக்கினேன்.

பஞ்சவர்ணம் எட்டி எட்டிப் பார்த்து வாய்விட்டு எண்ணினார். “எலி. எலி. சுண்டெலி. மைனா… ம், மைனா நல்ல மைனாதான். பெருச்சாளி. அதத் தூக்க முடியாம இழுத்துக்கிட்டு வாராக. புறா…” எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “எல்லாஞ் சரி. நகை எங்க? தாய்மாமன் சீர்ல பொட்டு நகையாவது வேணுமா இல்லையா?”

வீரணன் பதினோராவது தாம்பாளத்துக்கு வந்து வாயைத் திறந்தார். வெற்றிலைமேல், நான் பொங்கல் பானைக்குள் போட்ட அந்தக் கொலுசு மணி விழுந்தது.

பஞ்சவர்ணம் அதை எடுத்துப் புடவையில் துடைத்தார். இலக்கியாவின் இடதுகாலைப் பிடித்துப் பார்த்தார். “நாந்தான் ஒரு மணி கொறையுதேன்னு அன்னைக்கே நெனச்சேன்” என்றார். ஆசாரி குறட்டால் மணியைக் கொலுசில் கோத்துவிட்டார். பொருந்தியது. ராசாங்கம் எழுந்து, ஒரு தடவை வேட்டியை உதறிக்கொண்டு பந்திக்குப் போனார்.

“நேரம் ஆகுது. மடி எங்க?” என்றார் ஆசாரி. “நாலு கால்ல நிக்கிறவருக்கு மடி கெடையாது. உக்காரச் சொல்லுங்க.”

வீரணன் உட்கார்ந்தார், முன்னங்கால் இரண்டையும் ஊன்றி.

“இது உக்காந்தது இல்லம்மா, காவல் இருக்கிறது. இதுலயும் மடி வராது.”

“மச்சான், கொஞ்சம் சாஞ்சு உக்காருங்க” என்று போதுராஜ் கும்பிட்டார். வீரணன் பந்தல் துணியைப் பார்த்தார். சொன்னால் கேட்கிறவர் இல்லை என்றுதான் முதலிலேயே எழுதிவிட்டேனே. நான் பந்தியிலிருந்து ஒரு கரண்டி தயிர் எடுத்துவந்து அவர் வயிற்றில் தடவினேன். உடனே பின்னால் சாய்ந்து, ஒரு காலை மேலே தூக்கிக்கொண்டு நக்க ஆரம்பித்தார்.

“மடி வந்துருச்சு, பிள்ளையக் குடுங்க!” என்றார் ஆசாரி.

இலக்கியாவை உட்கார வைத்தேன். சரியாக அடங்கினாள். தயிர் தீர்வதற்குள் வலது காதும் இடது காதும் முடிந்தன. அவள் அழுதாள். வீரணன் நக்குகிற வரிசையில் அவள் காதையும் சேர்த்து நக்கிவிட்டார். அழுகை நின்றது. மணி பத்து இருபத்தெட்டு.

சீரை முறைப்படி உறவுக்காரர்களுக்குப் பங்கு வைத்தோம். பஞ்சவர்ணத்துக்கு மைனா. “பெருச்சாளி யாருக்கு? பெரிய பங்கெல்லாம் யாருக்குப் போகுதுன்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே முந்தானையில் முடிந்து எடுத்துப் போனார். இலக்கியாவுக்கு இப்போது மாமாவைக் காட்டித்தான் ஊட்டுகிறேன். “மாமா திங்குது பாரு, நீயும் ஒரு வாய்” என்றால் வாங்கிக்கொள்கிறாள். மாமா எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருப்பதால் சிரமம் இல்லை.

மூன்றாம் நாள், பந்தியில் அப்பளம் பத்தாமல் போனதற்கு நான்தான் காரணம் என்றார் போதுராஜ். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அப்பளத்தை எண்ணாமல் பொரித்தது யார் என்று கேட்டேன், பையை எடுத்தேன், பஸ் ஏறினேன், கடைசி நிறுத்தம் போய்த் திரும்பி, கொல்லை வழியாக வந்து ஏணி ஏறினேன். வீரணன் அன்று காலைதான் எங்கள் அப்பா போனபோது இருந்த வயதைத் தாண்டியிருந்தார். என்னைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பாவும் இப்படித்தான். நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் மினி பஸ் பரணுக்கே வந்துவிட்டது. முன்னால் பலகையில் ‘பரண்’ என்று புதிதாக எழுதியிருந்தது. போதுராஜ் பூவும் கருவாடுமாக இறங்கினார். அவர் பின்னால் பஞ்சவர்ணம் துணிப்பையோடு, முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வீட்டில் சண்டை. எங்கள் வீடுதானே அவருக்குப் பொறந்த வீடு.

“அடுப்படி ஸ்டாப்ல நிறுத்தச் சொன்னேன், கேட்டீங்களா?” என்று கண்டக்டரிடம் சத்தம் போட்டார்.

“அடுப்படி தாண்டிருச்சும்மா. இங்க எறங்கி ஏணி வழியா நடந்துக்கங்க” என்ற கண்டக்டர், என் பக்கம் திரும்பி, “தங்கச்சி, அந்த வெங்காயச் சாக்கக் கொஞ்சம் தள்ளி வைம்மா. வண்டி திரும்பணும்” என்றார்.

தள்ளி வைத்தேன். வீரணன் தூக்கத்திலேயே வாலை மடக்கிக்கொண்டார்.