தலைக்கு ஊத்துங்க

அக்கா ஊருக்குக் கிளம்பிய காலையில் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. கடலோர நகரம் ஒன்றில் புதிதாகத் திறக்கும் ஓட்டலுக்குத் திரைச்சீலை மாட்டுகிற வேலை. அவள் தைக்கும் கடையின் வேன் தெருவில் நின்று விடாமல் ஹாரன் அடித்தது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் ஒற்றைச் செருப்பு, வாயில் ஹேர்பின். அந்த ஹேர்பின்னோடேயே மாமாவிடம் சொன்னாள்:

"என்னங்க, குளிர் போயிடுச்சு. நாளையிலேர்ந்து தினம் காலையில தலைக்கு ஊத்துங்க. மறந்தீங்க, வந்து உண்டு இல்லன்னு ஆக்கிடுவேன்."

"சரிம்மா, சரிம்மா. நீ வேன்ல ஏறு."

அக்கா சொன்னது கொல்லையில் நிற்கும் மூன்று மரப்பெரணிகளுக்கு. மாமா எடுத்துக்கொண்டது தன் தலைக்கு. இது அப்போது எனக்கும் தெரியாது.

அவரைக் குறை சொல்ல முடியாது. மாமா லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கிரீஸில் புரண்டுவிட்டு வந்து, குளிர்காலம் முழுக்க முகம், கை, கால் என்று தவணை முறையில் குளிப்பவர். "தலைக்கு ஊத்துங்க, கிட்ட வர முடியல" என்று அக்கா கத்தாத வாரம் கிடையாது. போகிற அவசரத்திலும் தன்னைக் கவனித்துவிட்டுப் போகிறாளே என்று அவருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

அந்த மரப்பெரணிகள்தான் அக்காவுக்கு உயிர். மரம்போல் உயர்ந்து உச்சியில் ஓலை விரிக்கிற செடிகளாம்; போன வருஷம் நட்டாள். ஆளுயரத்துக்கு மேல் மூன்று கட்டைகள், மேலெல்லாம் பழுப்பு மயிர், பெயருக்குக்கூட ஓர் ஓலை இல்லை. தண்டு என்று நாம் பார்ப்பது முழுக்க வேர்தானாம். அதனால் மண்ணில் ஊற்றினால் போதாது, உச்சியில் ஊற்றி உடம்பெல்லாம் வழியவிட வேண்டுமாம். குளிர் வரும்முன் உச்சிக் குழிக்குள் வைக்கோலைத் திணித்து, பழைய கம்பளிகளைச் சுற்றிக் கட்டினாள். வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார்.

"யாரம்மா இந்த மூணு பேரு? வாடகை குடுக்கிறாங்களா?" என்றார்.

அந்த இடத்தில் அவருக்குக் கார் ஷெட் போட ஆசை. கடைசியில் அக்காவிடம் ஒரு நிபந்தனை வைத்தார். "குளிர் முடியட்டும். முளைச்சா நிக்கட்டும். முளைக்கலைன்னா அறுத்துப் போட்டுட்டு ஷெட்டு. அப்புறம் அழக்கூடாது." அக்கா அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுதாள்.

அவள் போன அன்று இரவே, போன குளிர் எதையோ மறந்து வைத்ததுபோலத் திரும்பி வந்தது. தெருவெங்கும் கார்க் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டுகிற சத்தம். வீட்டுக்காரம்மா ஆசையாக வாசலில் வைத்த பூச்செடிகள் கருகிப்போயின. எங்கள் குளியலறையில் மட்டும் விடியற்காலையில் "ஐயோ! அம்மா! செத்தேன்!" என்று ஒரு குரல் எழும். மூட்டுவலிக்கு யாரோ சொன்ன வைத்தியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது?

அக்கா தினமும் போனில் விசாரித்தாள். இவரும் சளைக்காமல், "ஊத்தினேன்மா, ஊத்தினேன்மா" என்றார். ஒவ்வொரு போனுக்குப் பிறகும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் நீலமானது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. மாமா இடுப்பில் துண்டோடு, பல் தந்தியடிக்கக் குளியலறையிலிருந்து வந்தபோது போன் அடித்தது. காதில் தண்ணீர் அடைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஊத்தினீங்களா?"

"இப்பத்தான்மா. ஈரம்கூடக் காயல."

"காயவே கூடாது! வெந்நி கலக்கலையே?"

"கொஞ்சூண்டு கலந்துக்கவா? உயிர் போகுதும்மா."

"மூச்! பச்சத்தண்ணிதான். நடு உச்சியில மெதுவா ஊத்தணும். சுத்தியிருக்கிற துணிய அவுத்துட்டுத்தானே ஊத்துறீங்க?"

"பின்ன துணியோடயா ஊத்துவாங்க?" என்றவர் என்னைப் பார்த்துவிட்டு, துண்டை இறுக்கிக்கொண்டார்.

"சரி. தலைக்குள்ள இருந்த வைக்கோல எடுத்தீங்களா?"

மாமா அசையாமல் நின்றார். பல் தந்தியடிப்பதுகூட நின்றுபோனது.

"என்ன சொன்ன?"

"அதாங்க, தலைக்குள்ள முழுக்க வைக்கோல்தானே இருக்கு."

"இத பாரு. நீ சொன்னேன்னு ஒரு வாரமா ஐஸ் தண்ணியில குளிச்சு, காது அடைச்சு, சளி பிடிச்சு நிக்கிறேன். என் தலைக்குள்ள வைக்கோலா?"

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "நீங்க... யார் தலைக்கு ஊத்தினீங்க?"

மாமா போனை என் கையில் திணித்துவிட்டு, வாளியையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு துண்டோடு கொல்லைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அங்கே வீட்டுக்காரம்மா ஏற்கெனவே நின்றிருந்தார். கூடவே ஷெட் போடுகிறவர், அளவு டேப்பை விரித்துப் பிடித்தபடி.

"வாங்க தம்பி. என் வாசல்ல பூவே கருகிப்போச்சு, இந்தக் கட்டை எங்க முளைக்கப்போகுது? ஆமா, என்ன இது கோலம்?"

"கொஞ்சம் இருங்கம்மா!"

மாமா நடு மரத்தில் ஏணியைச் சாத்தி ஏறிக் கம்பளியை அவிழ்த்தார். என் கையிலிருந்த போன், "என்ன நடக்குது? யாராவது சொல்லுங்களேன்!" என்று அலறியது.

"அக்கா, இங்க திரும்பப் பனி பெஞ்சுது. எல்லாச் செடியும் கருகிடுச்சு," என்றேன்.

"பனியா? இங்க வேர்த்து ஊத்துதே! ஐயோ, வைக்கோல எடுத்துட்டுத் தண்ணி ஊத்தியிருந்தா உச்சிக்குள்ளேயே உறைஞ்சு குருத்து அழுகியிருக்குமே. ஏய், அப்போ ஊத்தவே இல்லையா? ஒரு சொட்டுகூட?"

"எல்லாத்தையும் மாமா தன் தலைக்கே ஊத்திக்கிட்டார்."

மேலே மாமா வைக்கோலை அள்ளி அள்ளி வீசினார். வீட்டுக்காரம்மாவின் கொண்டையில் பாதி விழுந்தது. பிறகு குழிக்குள் கையை விட்டவர், ஏணியே ஆடும்படி அலறினார்.

"எலி! மயிரா இருக்கு! நிறைய இருக்கு!"

"எலியா? தள்ளுப்பா." வீட்டுக்காரம்மா அவரை இறக்கிவிட்டு, தானே விறுவிறுவென்று ஏறினார். எட்டிப் பார்த்தார். குனிந்து மறுபடியும் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று, பச்சைக்குழந்தையின் தொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பவரைப்போலச் சிரித்தார்.

"எலி இல்லப்பா! கை! குட்டிக் குட்டியா, மூடின கை! வட்டமா உக்காந்திருக்குங்க!"

உள்ளே ஓலைகள் சுருண்டு, பொன்மயிர் மூடி, முஷ்டி முஷ்டியாக மேலே வந்துகொண்டிருந்தன. போனில் அக்கா வீறிட்டாள். அங்கே ஏதோ கம்பி விழுந்து உருண்டது. "ஒண்ணும் இல்ல சார், என் பெரணி முளைச்சிடுச்சு சார்!" என்று யாரிடமோ கத்திவிட்டு, "உங்க வாய்க்கு முத்தம் குடுக்கணுங்க, நல்லவேளை உங்களுக்கு ஒண்ணும் புரியல!" என்றாள். எல்லாம் ஸ்பீக்கரில். ஷெட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு டேப்பைச் சுருட்டினார்.

"அப்போ ஷெட்டும்மா?"

"காரு தெருவுலயே கெடக்கட்டும். நீ அந்த மரத்துத் துணிய அவுரு. இதுல ஒம்போது. அதுல எத்தனைன்னு பாக்கணும். தம்பி, ஏணிய நல்லாப் பிடி, விட்டுடாத."

"பிடிச்சிருக்கேம்மா," என்றார் மாமா. சொட்டச் சொட்ட, ஒரு கையால் ஏணியையும் மறு கையால் துண்டையும் பிடித்திருந்தார். "கொஞ்சம் சீக்கிரம் எண்ணுங்களேன்."

"பேசாத. எண்ணிக்கை விட்டுப்போச்சு பார்." வீட்டுக்காரம்மா முதலிலிருந்து ஆரம்பித்தார். "ஒண்ணு..."