வீட்டுக்குப் போ என்றால்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகப் பசை ஒட்டும் இயந்திரத்தை ஓட்டிவந்த அவருக்கு, கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ‘சரிங்க’. எதைச் சொன்னாலும் அந்த ஒரு சொல்தான் பதில். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் சரிங்க. உங்கள் லீவை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றாலும் சரிங்க. மனைவி மட்டும் இதில் ஏமாறுவதில்லை. “நீங்க சரின்னு சொன்னா, பாதி நேரம் காதுலயே விழலன்னு அர்த்தம்” என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பசைக் குழாய் அடைத்துக்கொண்டது. பெட்டிகள் ஒட்டாமல் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகக் கீழே விழுந்தன. மேற்பார்வையாளர் ஓடி வந்தார். மேலிடத்தில் அன்று அவரே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“உன்னால இங்க ஒரு பிரயோஜனமும் இல்ல. வீட்டுக்குப் போ!” என்று கத்தினார்.

“சரிங்க” என்றார் இவர். கையுறைகளைக் கழற்றி, மடித்து, இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். வேலை போன காரணம் கேட்ட கட்டத்தில், ‘வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போனேன்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அவர் தாமாகவே வேலையை விட்டதாக நிறுவனம் தெரிவித்திருக்கிறது, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, மறுப்பு இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அவர் படித்து முடித்து நிமிர்வதற்குள் மனைவி விரலை நீட்டினாள். “சரின்னு மட்டும் சொல்லிப் பாருங்க, தெரியும் சேதி!”

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். பல் பிடுங்கப் பயந்து வாசல்வரை ஓடியவர்களையே பேசிப் பேசித் திரும்ப உட்கார வைப்பவள். மேல்முறையீட்டு மனுவை ஒரே மூச்சில் எழுதி அனுப்பினாள். விசாரணைத் தேதி வந்ததும், சமையலறையில் எதிரே உட்கார்ந்து பயிற்சி கொடுத்தாள்.

“நீங்களாவே வேலையை விட்டுட்டீங்களா?”

“இல்லைங்க.”

“கம்பெனி அப்படித்தானே சொல்லுது?”

“அவங்களே சொல்றாங்கன்னா சரி...”

“போச்சு! கவுத்துட்டீங்க!”

பத்து நாளில் ‘இல்லைங்க’ நன்றாகப் பழகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே. டீ வேண்டுமா என்று கேட்டவளிடம் “இல்லைங்க” என்று சொல்லிவிட்டு, அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போனதும் பின்னாலேயே போனார்.

விசாரணை இரண்டாம் மாடியில், கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறியுள்ள ஒரு சின்ன அறையில் நடந்தது. தடித்த கண்ணாடி போட்ட பெண் அதிகாரி ஒருவர் நடுவில் இருந்தார். எதிர்ப்பக்கம் மேற்பார்வையாளர், மடியில் ஃபைலோடு.

“அன்னைக்கு அவர் ரொம்பச் சோர்வா இருந்தார் மேடம்” என்றார் மேற்பார்வையாளர், குரலில் தேன் ஒழுக. “வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுன்னு நல்ல எண்ணத்துலதான் சொன்னேன். சரின்னாரு. அப்புறம் ஆளே வரல.”

குறுக்கே பேசக் கூடாது என்று அதிகாரி சொல்லியிருந்ததால் மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு இருந்தாள்.

அதிகாரி இவர் பக்கம் திரும்பினார். “அவர் சொல்றது சரிதானா?”

மனைவி கண்களை மூடிக்கொண்டாள்.

“இல்லைங்க.”

பதினோரு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டிராத மேற்பார்வையாளர், வேறு யாரோ பேசியது போல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“அப்ப மறுநாள் ஏன் வேலைக்குப் போகல?”

“போனேங்க.”

மனைவியின் கண்கள் திறந்தன. இது பயிற்சியில் இல்லை.

“காலையில ஏழு மணிக்குப் போனேன். கார்டை வச்சா கேட் திறக்கல. செக்யூரிட்டி பாத்துட்டு, உங்க பேரை நேத்தே எடுத்துட்டாங்கன்னார்.”

“இதை ஏன் மனுவுல எழுதல?”

“மனு இவங்க எழுதினாங்க. இவங்ககிட்ட நான் சொல்லலீங்க. எல்லாரும் உள்ள போறாங்க, நான் மட்டும் வெளிய நின்னுட்டிருந்தேன். சொல்ல வெட்கமா இருந்துச்சு.”

அதிகாரி மேற்பார்வையாளரின் ஃபைலைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். கடைசித் தாளில் விரல் நின்றது. “செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னெண்டு பத்துக்குக் கார்டை ரத்து பண்ணியிருக்கீங்க. ரெஸ்ட் எடுக்கப் போனவர் திரும்பி எப்படி உள்ள வருவாரு?”

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார்.

திரும்பும்போது பேருந்தில் மனைவி கேட்டாள். “கேட்ல எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“கொஞ்ச நேரம்.”

“கொஞ்ச நேரம்னா?”

“எட்டரை வரைக்கும்.”

அவள் கைப்பையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தீர்ப்பு பத்தாம் நாள் தபாலில் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது, வேலை போன நாளிலிருந்தே உதவித்தொகை உண்டு. இரண்டு மாதம் அது கைகொடுத்தது. அதற்குள் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை கிடைத்தது.

முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். கிடங்கில் எத்தனை அலமாரி, பக்கத்து மேசைக்காரருக்கு எத்தனை பிள்ளைகள், சரக்கு தூக்கும் வண்டியின் பிரேக் எந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் சொன்னார். முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த மனைவி கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“போதுங்க. மூச்சு விட்டுக்குங்க. மிச்சத்தை நாளைக்குச் சொல்லலாம்.”